புல்லில் காய்ந்த விடைத்தாள்கள்

இடது முழங்காலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் எனக்கு ஒரு தழும்பு. மார்கழியில் லேசாக அரிக்கும். சொறிந்துகொண்டே சன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டால், "மறுபடியும் மலாவிக்குக் கிளம்பியாச்சா?" என்பாள் மனைவி. கிளம்பித்தான் இருப்பேன். ஒரு சைக்கிள், ஒரு மரப்பாலம், ஓடையில் துணி துவைக்கிற பெண்கள், அவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சொன்ன ஒரு சொல்.

1996-இல் அங்கே கணக்கு வாத்தியாராகப் போனேன். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் ஒரு பெரிய ஏரியை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிற சின்ன நாடு. முப்பது ஆண்டுகள் ஆண்ட ஹேஸ்டிங்ஸ் பண்டா 1994 தேர்தலில் தோற்றுப்போனார். அடுத்து வந்த அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள், வாத்தியார்களுக்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் எனக்கு வாய்த்தது, ஸோம்பாவிலிருந்து பலோம்பே போகிற மண்சாலையை ஒட்டிய ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளி.

தெற்கே முலாஞ்ஜே மலை. தட்டையான சமவெளியில் யாரோ கொண்டுவந்து இறக்கி வைத்த மாதிரி திடுமென்று நிற்கும். அதன் உச்சி 3,002 மீட்டர், பெயர் சப்பிட்வா. ‘போகக் கூடாத இடம்’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டங்கள். ஆடி மாதத்தில் மொசாம்பிக் பக்கமிருந்து சிப்பெரோனி என்கிற குளிர்த் தூறல் வந்து நாள்கணக்கில் அங்கே நசநசக்கும். எங்கள் பக்கம் வெயிலும் செம்மண்ணும் மக்காச்சோளமும்தான். 1991 மார்ச்சில் ஒரே இரவில் மலை சரிந்து வெள்ளமாக இறங்கி நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிருந்தது. வீட்டளவு பாறைகள் நான் போனபோதும் வயல் நடுவே கிடந்தன. அவற்றைச் சுற்றி உழுது சோளம் போட்டிருந்தார்கள்.

நான் தங்கிய வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் நாலு மைல். நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். ஒரு மாதம் நடந்து பார்த்துவிட்டு ஸோம்பா கடைத்தெருவில் ஒரு சைக்கிள் வாங்கினேன். கறுப்பு வண்டி, இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கலாம் போல அகலமான கேரியர். நம்மூர்ப் பால்காரர் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற அதே வண்டி. முன்கழுத்துத் தகட்டில் ‘லூதியானா, இந்தியா’ என்று இருந்தது. கடல் கடந்து வந்த இடத்தில் பக்கத்துத் தெருக்காரனைப் பார்த்த மாதிரி அதைத் தடவிப் பார்த்தேன். லூதியானாவை நான் இன்றுவரை பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

சைக்கிளுக்கு அங்கே சிச்சேவா மொழியில் ‘ன்ஜிங்கா’ என்று பேர். மூக்கில் தொடங்கி வாயில் முடிகிற சொல். எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. கிராமத்தில் அதன் மேல் ஏறாத பொருள் கிடையாது. கரி மூட்டை, தகரக் கூரை, கால் கட்டிய ஆடு, ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சி. ஸோம்பா மலையிலிருந்து ஆளுயரத்துக்கு விறகைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் நமக்கு வயிறு கலங்கும். சில்வா ஏரிப் பக்கமிருந்து ‘மடெம்பா’ என்கிற பொடிக் கருவாடு கூடைகூடையாக வரும். அந்த ஏரி 1995-இல் சுத்தமாக வற்றிப்போயிருந்தது. நான் போன பிறகு மெல்ல மெல்லத் தண்ணீர் திரும்பியது. வாடை வந்ததும் மீன்காரர்களும் திரும்பிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டோம். பொடிப் பையன்கள் சீட்டு எட்டாமல் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டு ஓட்டிக்கொண்டு போவார்கள். குரங்குப் பெடல்! திருவையாற்றுப் பக்கம் மணிக்கு இருபத்தைந்து பைசா வாடகை கொடுத்து நான் பழகிய அதே வித்தை. ஒருவனை நிறுத்தி, "இதுக்கு எங்க ஊரில் குரங்கு பெடல்னு பேர்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை சிச்சேவாவில் சொன்னேன். தன்னைக் குரங்கு என்கிறேன் என்று நினைத்து அழுதுவிட்டான்.

சைக்கிளில் போவதில் ஒரு சிக்கல், வணக்கம் சொல்வது. அங்கே வெறுமனே தலையாட்டிவிட்டுப் போக முடியாது. காலையென்றால் "எப்படி எழுந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். "நன்றாக எழுந்தேன், நீங்கள்?" என்று அவர் கேட்பார். "நானும் நன்றாக எழுந்தேன்" என்று சொல்லி முடித்தால்தான் கணக்கு தீரும். மத்தியானமானால் "பொழுது எப்படிப் போயிற்று?" என்று வேறு பாட்டு. நம்மைப் போலவே அவர்களுக்கும் நீ, நீங்கள் உண்டு, ‘இவே’, ‘இனு’. மரியாதைக்காரரைக் கடக்கும்போது இறங்கிவிட வேண்டும். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நாலு மைலில் முப்பது பேர். பிறகு தந்திரம் பிடிபட்டது. இருபது கஜத்துக்கு முன்னாலேயே முதல் கேள்வியைப் போட்டுவிட்டால், நேருக்கு நேர் வரும்போது அவர் கேள்வி வரும், தாண்டிப் போய்த் தோளுக்கு மேல் பதிலைச் சொல்லிவிடலாம். பெடல் நிற்க வேண்டியதில்லை. வீடு வந்து சேரும்போது ஊரில் யார் எப்படி எழுந்தார்கள் என்பது முழுக்கத் தெரிந்திருக்கும்.

வழியில் ஓர் ஓடை. மலையிலிருந்து வருவதால் கோடையிலும் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். அதன் மேல் பாலம். பாலம் என்றால், இரண்டு தைல மரங்களைக் கிடத்தி, குறுக்கே மூங்கிலும் கிளைகளும் வைத்துக் கட்டியது. நடுவில் நாலைந்து மூங்கில் போயிருந்தது. ஊர்க்காரர்கள் மூட்டையோடு அதன் மேல் ஓட்டிக்கொண்டு போவார்கள். நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். ஒரு வருஷம் அப்படித்தான் போனேன். ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு ஏன் ஏறினேன் என்று சொல்கிறேன். அக்டோபர், அங்கே சூடு உச்சிக்கு ஏறுகிற மாதம். இரண்டாம் படிவத்துக்கு வைத்த கணக்குப் பரீட்சையைத் திருத்தி முடித்து, விடைத்தாள்களைக் கேரியரில் கட்டியிருந்தேன். மொத்தம் அறுபத்து மூன்று. நாயன்மார் எண்ணிக்கை என்று முதல் நாளே மனத்தில் பதிந்துவிட்ட வகுப்பு அது. கட்டியது கயிற்றால் அல்ல. பழைய ட்யூபை நீளமாகக் கிழித்த ரப்பர் வாரால். அங்கே எல்லாரும் அதைத்தான் வைத்திருப்பார்கள். பாலத்தை நெருங்கும்போது எனக்கு முன்னால் ஒருவர் கேரியரில் பன்றியைக் கட்டிக்கொண்டு வேகம் குறைக்காமல் அதைத் தாண்டிப் போனார். பன்றி என்னைத் திரும்பிப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது. அக்கரையில் என் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். காவிரிக் கரையில் பிறந்து, மூங்கில் பாலத்தில் ஓடி வளர்ந்தவனுக்கு இது ஒரு பாலமா என்று அந்தக் கணத்தில் தோன்றியது. இறங்கவில்லை.

பாதி தூரம் சரியாகத்தான் போனேன். மூங்கில் போயிருந்த இடத்தில் முன்சக்கரம் இரண்டு மரத்துக்கும் நடுவே இறங்கியது. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. ஹேண்டில்பாரைத் தாண்டி ஓடையில் போய் விழுந்தேன். பின்னாலேயே சைக்கிளும் ஒரு குட்டிக்கரணம் போட்டு வந்து பெடலால் முழங்காலுக்குக் கீழே ஒரு குத்துக் குத்தியது. மூக்குக்கண்ணாடி எங்கேயோ போயிற்று.

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியபோது முதலில் காதில் விழுந்தது சிரிப்பு அல்ல. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டுப் பேரோ ஒன்பது பேரோ, துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்று சொன்னார்கள்: "பெப்பானி!" அக்கரைப் பையன்கள் சொன்னார்கள்: "பெப்பானி, சார்!" பன்றிக்காரர் திரும்பி ஓடி வந்து, மூச்சு வாங்க, அவரும் அதையே சொன்னார்.

பெப்பானி என்றால் மன்னியுங்கள். அகராதியில் அப்படித்தான் படித்திருந்தேன். எனக்கு ரொம்ப சங்கடமாகப் போய்விட்டது. விழுந்தவன் நான், பாலத்தில் ஏறச் சொல்லி யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை, இவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள்? "இல்லை இல்லை, என் தப்பு" என்று தண்ணீரில் உட்கார்ந்தபடியே ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் கை வைத்துக்கொண்டு நின்ற ஒரு கிழவி, ஊர் வழக்கப்படி ‘அகோகோ’ என்று அழைக்க வேண்டியவர், என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் எதை மறுக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. மாலையில் சக ஆசிரியர் ஒருவர்தான் விளக்கினார். அது மன்னிப்பு மட்டும் இல்லை. உனக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருந்துவதற்கும் அதே சொல். கால் தடுக்கினாலும் பெப்பானி, காய்ச்சல் வந்தாலும் பெப்பானி, கனமாக எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தாலும் பெப்பானி. வீட்டில் சாவு விழுந்தாலும் அதுதான். அதற்கு "ஸிக்கோமோ", அதாவது நன்றி என்று சொன்னால் போதும். ‘என் தப்பு’ என்று சொல்வது, ஆறுதல் சொன்னவர் கையைத் தட்டிவிடுகிற மாதிரி.

விடைத்தாள்கள் என்ன ஆயின என்று சொல்லவில்லையே. ரப்பர் வார் விட்டுக்கொடுக்கவில்லை, கட்டு கலையாமல் கேரியரிலேயே இருந்தது. ஆனால் நனையாமலிருக்குமா? பெண்கள் என்னைக் கரையேற்றி, முழங்காலில் ஏதோ இலையைக் கசக்கி வைத்து, சித்தேஞ்ஜே என்கிற தங்கள் மேல்துணியில் ஒன்றைக் கிழித்துக் கட்டிவிட்டார்கள். அப்புறம் கட்டை அவிழ்த்தார்கள். துணி காயப்போட்டிருந்த புல்தரையில், நீலமும் மஞ்சளும் பூப்போட்ட அந்தத் துணிகளுக்கு நடுவே, அறுபத்து மூன்று விடைத்தாள்களையும் ஒவ்வொன்றாக விரித்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல்லை வைத்தார்கள். கண்ணாடி இல்லாத என் கண்ணுக்கு அந்தக் கரை முழுக்க வெள்ளைக் கொக்கு இறங்கியிருப்பது போல இருந்தது.

பிறகுதான் வினை. பையன்கள் பரவிக்கொண்டார்கள். யார் யாருக்கு எத்தனை என்று குனிந்து குனிந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தான் ஒருவன். துவைக்கிற பெண்களில் மூன்று பேர் என் மாணவர்களின் தாய்மார்கள். நூற்றுக்குப் பதினொன்று வாங்கியவனின் அம்மாவும் அதில் இருந்தார். ஈரத்துணியை அப்படியே முறுக்கிக்கொண்டு எழுந்தார். பையன் ஓடையைத் தாண்டி ஓடினான். பாலத்தின் வழியாக அல்ல.

பாதிப் பேருக்கு வேறு மாதிரி அதிர்ஷ்டம். பேனாவில் மை நிரப்பித் திருத்துகிற பழக்கம் எனக்கு. அவர்கள் எழுதியது பால்பாயிண்ட், அது நின்றது. நான் போட்ட சிவப்பு மை கரைந்து ரோஸ் நிறக் கறையாகிவிட்டது. உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து திருத்தினேன், மூன்று ராத்திரி, மண்ணெண்ணெய் விளக்கில். மறுதிருத்தத்தில் பதினொன்று பதினாலு ஆயிற்று. வாத்தியார்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். நானும் இருபத்தைந்து வருஷமாகச் சொன்னதில்லை.

சைக்கிளின் முன்சக்கரம் எட்டுப் போட்டிருந்தது. மாமரத்தடியில் கடை வைத்திருந்த மெக்கானிக்கிடம் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு பம்பு, மரக்கிளையில் மாலை மாலையாய்த் தொங்கும் பழைய டயர். அந்த மனிதரிடம் இரண்டே ஸ்பானர். பிரேக் கட்டை தேய்ந்தால் லாரி டயரை வெட்டி வைப்பார். வாஷர் வேண்டுமென்றால் செருப்பிலிருந்து எடுப்பார். சக்கரத்தைக் கழற்றி, தரையில் படுக்கப் போட்டு, ஒரு பக்கம் காலை வைத்து மிதித்து முரட்டுக் கோட்டத்தை முதலில் எடுத்தார். பிறகு தலைகீழாக நிறுத்திய சைக்கிளில் சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கோடு சேர்த்து ஒரு ஈர்க்குச்சியைப் பிடித்தார். ரிம் எங்கே குச்சியைத் தொடுகிறதோ அந்த இடத்துப் போக்ஸ் கம்பியை அரைத் திருகு தளர்த்துவார், எதிர்ப்பக்கம் அரைத் திருகு இறுக்குவார். மறுபடி சுற்றுவார். தொடுகிற சத்தம் டிக் டிக் என்று வந்து, விட்டு விட்டு வந்து, கடைசியில் நின்றது. ஒரு மணி நேரம் அவர் பேசவே இல்லை. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் நிமிர்ந்து கழுத்துத் தகட்டைக் காட்டினார்.

"லூதியானா உங்க ஊரா?"

"என் நாடுதான். ஊர் வேறே. ரயிலில் இரண்டு நாளுக்கு மேலே."

"உங்க ஆளுங்க செஞ்சதுதானே?"

"ஆமாம்."

"அப்புறம் ஏன் உங்களுக்கு ஓட்டத் தெரியல?"

பதில் சொல்லத் தெரியாமல் எவ்வளவு என்று கேட்டேன். அந்த நாட்டுக் காசுக்குக் குவாச்சா என்று பேர்; விடியல் என்று பொருள். ஒரு குவாச்சாவுக்கு நூறு தம்பாலா. தம்பாலா என்றால் சேவல். நூறு சேவல் கூவினால் ஒரு விடியல். இப்படிப் பேர் வைக்கத் தெரிந்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமை உண்டு. மெக்கானிக் கேட்டது சில விடியல்கள்தான். கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சொன்னார்: "பெப்பானி." இந்தத் தடவை நான் சரியாகச் சொன்னேன்: "ஸிக்கோமோ."

அந்த வாரக் கடைசியில் தெருவில் பிள்ளைகள் புதிதாக ஒன்றை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். அங்கே கம்பியை வளைத்துக் கார் செய்து, நீளக் குச்சி வைத்துத் தள்ளிக்கொண்டு போவது பிள்ளைகளின் விளையாட்டு. இது கார் இல்லை, சைக்கிள். மேலே கந்தலால் செய்த ஒரு ஆள். உற்றுப் பார்த்தேன். மெல்லிய கம்பியில் மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தது. ஒரு கல்லில் முட்டினால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிக் குப்புற விழுவார். விழுந்ததும் தள்ளுகிறவன், பின்னால் ஓடுகிறவன், எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள்: "பெப்பானி, சார்!" மறுபடி எடுத்து உட்கார வைப்பார்கள். அதைச் செய்தவன் பதினொன்று வாங்கியவன்தான். கணக்கில் வராத மூளை கம்பியில் வந்திருந்தது. கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

1999-இல் திரும்பி வந்தேன். சைக்கிளை மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன். ரப்பர் வாரை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன், ஏன் என்று தெரியாமல். பல வருஷம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் அரிசிப் பை கட்ட உதவியது. பிறகு இறுகி, விரல் பட்டால் தூளாய் உதிர்ந்தது.

வந்த மறுவருஷம் தஞ்சாவூரில் ஒரு முக்கில் மணலில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தேன். ஐந்தாறு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றார். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். "பார்த்து வரக் கூடாதா சார்?" "முன்பிரேக்கைப் பிடிச்சிருக்கீங்க, அதான்." "வயசான காலத்துல எதுக்கு வண்டி?" அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அக்கறையில் பேசுவதுதான், தெரியும். என் அம்மாவும் நான் விழுந்தால் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான் மருந்து போடுவாள். இருந்தாலும் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது ஒருத்தர் காரணமில்லாமல் அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டார்களா என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் ‘அச்சச்சோ’ இருக்கிறது. அது விழுகிற கணத்துக்கு மட்டும். விழுந்த பிறகு?

அந்தப் பதினொன்று இப்போது பள்ளி ஆசிரியர். ஆனால் கணக்கு இல்லை. சில வருஷத்துக்கு முன் எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்தான். மெக்கானிக் இறந்துவிட்டாராம். அவருடைய மகன் அந்தக் கறுப்பு சைக்கிளின் கேரியரில் மெத்தை தைத்துப் போட்டு, ‘கபாஸா’ என்கிற வாடகைச் சவாரிக்கு நெடுநாள் ஓட்டினானாம். இப்போது கிராமத்தில் மோட்டார் பைக் கபாஸாக்கள் வந்துவிட்டன. ஓடையின் மேல் மட்டும் அப்போதும் அதே மரப்பாலம்தானாம், அவ்வப்போது மூங்கில் மாற்றி.

2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாப் பக்கம் உருவான ஃப்ரெடி புயல், இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கடந்து, ஐந்து வாரம் ஓயாமல் சுற்றி, மார்ச்சில் மலாவியின் தென்பகுதியில் இறங்கியது. ஆறு மாத மழை ஆறு நாளில் பெய்தது. செய்தியில் பலோம்பே, முலாஞ்ஜே என்று பெயர்கள் வந்தபோது கைபேசியை எடுத்தேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் அவனே எழுதினான். குடும்பம் பத்திரம், வீட்டின் ஒரு சுவர் போயிற்று, சோளம் முழுதும் போயிற்று, பக்கத்துக் கிராமத்தில் பலர் இல்லை. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு சொல்தான் தெரிந்திருந்தது. எழுதி அனுப்பினேன்.

"ஸிக்கோமோ, சார்" என்று பதில் வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று: "நீங்கள் விழுந்த பாலமும் போய்விட்டது. இப்போது எல்லாரும் தண்ணீரில் இறங்கித்தான் கடக்கிறோம்."